இரண்டு பெயர், ஒரு பாட்டு: கொழும்பிலிருந்து கூட்டு ஹிப்ஹொப் சிங்கிள் ஒன்றை வெளியிடுவது எப்படி

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு மேல்மாடி அறை. ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க எங்கள் முதல் கூட்டுப் பாட்டை ஒலிப்பதிவு செய்தோம். இரவு ஒரு மணிக்குப் பிறகுதான் வேலை தொடங்கும். அதற்கு முன் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் விடாது. தமிழ் வரி என்னுடையது, சிங்கள வரி தெமட்டகொடைப் பொடியன் ஒருவனுடையது, வரிக்குப் பின்னால் ஓடும் இசை, அதாவது பீட், இன்னொருவனுடையது. பாட்டு வெளியாகி ஒன்பதாம் நாள் மூன்று பேரும் கதைப்பதை நிறுத்திவிட்டோம். காசுச் சண்டை இல்லை, அப்போது ஒரு சதமும் வரவில்லை. தலைப்பில் யார் பெயர் முன்னுக்கு, யார் பெயர் துணைக்கு வந்தவர்போல 'ஃபீச்சரிங்'குக்குப் பின்னுக்கு என்பதுதான் சண்டை.

அதற்குப் பிறகு நண்பர்களின் பாட்டுகளுக்கு வெளியீட்டு வேலை பார்த்துக்கொடுத்து வருகிறேன். இப்போது நான் எந்த ஒழுங்கில் செய்கிறேனோ அதே ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன். விளம்பரம் எப்படிச் செய்வது என்பதை எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அது கடைசிப் பக்கம்தான் வரும்.

படி 1: மைக்கைப் போட முன் தாளைப் போடுங்கள்

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு, அதாவது வரியும் மெட்டும். மற்றது ஒலிப்பதிவு, மாஸ்டர் என்பார்கள். இரண்டுக்கும் சொந்தக்காரர் வேறு வேறாக இருக்கலாம். சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி பாட்டை உருவாக்கிய கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை, அப்படி ஒரு பதிவும் இங்கே கிடையாது. வர்த்தகக் குறியைப் போலப் பதிந்துவிடலாம் என்று நினைத்து தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். உரிமை எழுதியவரின் ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டுகளும் நிற்கும். கூட்டாக எழுதியதென்றால் கடைசியாக இறப்பவரிலிருந்து 70 ஆண்டு. ஆக, இன்று 22 வயதில் இருக்கும் இரண்டு பொடியன்கள் போடும் பாட்டுக்குப் பேரப்பிள்ளைகளும் கணக்குக் கேட்கலாம்.

தாளில் இவை இருக்க வேண்டும்: பாட்டில் யாருக்கு எத்தனை சதவீதம், மாஸ்டரில் யாருக்கு எத்தனை, யார் எவ்வளவு செலவழித்தார்கள், பெயர் எந்த ஒழுங்கில் வரும், வீடியோ யாருடைய சேனலில் ஏறும். ஹிப்ஹொப்பில் பாட்டுப் பங்கைப் பாதி பீட்டுக்கு, பாதி வரிக்கு என்று பிரிக்கும் வழக்கம் உண்டு. இரண்டு பேர் ஆளுக்கொரு வேர்ஸ் (ராப் பகுதி) எழுதினால் 50, 25, 25. ஹூக்கை, அதாவது திரும்பத் திரும்ப வரும் வரியை, வேறொருவர் எழுதியிருந்தால் வரிக்கான அந்த 50ஐ மூன்றாகப் பிரிக்க வேண்டிவரும்.

மாஸ்டரில் செலவுதான் பேசும். ஸ்டூடியோ, மிக்ஸிங், வீடியோ எல்லாமாக 90,000 ரூபாய் போனது, ஒருவர் 60,000, மற்றவர் 30,000 போட்டார் என்று வையுங்கள். நேரே பார்த்தால் இரண்டுக்கு ஒன்று. ஆனால் பீட் போட்டவன் ஒரு ரூபாயும் வாங்காமல் பத்து இரவு கண்விழித்திருந்தால் அதையும் ஒரு தொகையாக எழுதிக் கணக்கில் சேர்க்க வேண்டும். 'அவன் நம்ம பொடியன்தானே' என்ற பேச்சுக்குத் தாளில் இடம் கொடுக்காதீர்கள்.

எல்லோரும் வாசிக்கக்கூடிய மொழியில் எழுதுங்கள். நாங்கள் பின்னாளில் வேறொரு பாட்டுக்கு ஒரு தாளை ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தோம். அதிலிருந்த இரண்டு சொற்களின் பொருள் மூன்று பேரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது என்று ஒரு வருடம் கழித்துத்தான் விளங்கியது. இப்போது ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். எல்லோரும் கையெழுத்து வைத்து, அடையாள அட்டை இலக்கம் எழுதி, படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வாய்ப்பேச்சு வெள்ளவத்தைக் கொத்துக் கடையோடு முடிந்துவிடும்.

படி 2: பீட் யாருடையது?

இணையத்தில் 20, 30 டொலருக்குக் கிடைக்கும் பீட் பெரும்பாலும் வாடகைக்குத்தான். அதே பீட்டை உலகத்தில் இன்னும் நூறு பேர் எடுத்திருக்கலாம். அவர்களில் ஒருவர் தன் பாட்டை, ஒரே சத்தத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கொன்டென்ட் ஐடியில் சேர்த்துவிட்டால், இயந்திரத்துக்குத் தெரிவது ஒன்றுதான்: உங்கள் பாட்டும் அவருடைய பாட்டும் ஒரே சத்தம். வெளியிட்ட இரவே உரிமைக் கோரல் வந்து நிற்கும், விளம்பர வருமானம் அவர் பக்கம் திரும்பும்.

அப்படி வந்தால் பதற வேண்டாம். வாடகைப் பத்திரத்தைக் காட்டி ஆட்சேபியுங்கள். 5 நாளுக்குள் ஆட்சேபித்தால் முதல் நாளிலிருந்தே வருமானத்தை யூடியூப் யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைக்கும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. இன்னொன்று: வாடகைப் பீட்டில் செய்த பாட்டை நீங்களும் கொன்டென்ட் ஐடியில் சேர்க்காதீர்கள். அப்போது மற்றவனின் தலைவலி நீங்கள்தான்.

என்னைக் கேட்டால், கொழும்பிலேயே பீட் போடும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கும்போது வாடகைக்குப் போவது வீண்.

படி 3: இரண்டு மொழி

ஒரே பாட்டில் தமிழும் சிங்களமும் கேட்டால் ஏதோ புதுமை என்று எழுதுகிறார்கள். எழுபதுகளிலேயே நித்தி கனகரத்தினம் போன்றவர்கள் துள்ளிசை (பொப் பாட்டு) என்று ஒன்றை இந்த மண்ணில் நடத்திக் காட்டினார்கள். சிலோன் மனோகர் என்ற ஏ.ஈ.மனோகரன் பாடிய 'சுராங்கனி' இரண்டு மொழியிலும் ஊரெல்லாம் பாடப்பட்டது. கிரிஷான் மகேசன், தினேஷ் கனகரத்தினம் போன்ற கொழும்பு ராப்பர்கள் வந்தது அதற்கெல்லாம் பிறகு. நாம் கிழித்த புதுப் பாதை ஒன்றுமில்லை.

என் அனுபவத்தில், ஒரு வேர்ஸை மற்ற மொழியில் மொழிபெயர்த்துப் பாடுவது எடுபடாது. கேட்பவனுக்கு ஒரே விஷயத்தை இரண்டு தரம் சொன்ன மாதிரி இருக்கும். ஒரே பஸ்ஸில் போகும் இரண்டு பேர் ஆளுக்கொரு ஜன்னலால் பார்ப்பதுபோல எழுதினால் நன்றாக வரும். ஒருநாள் மட்டக்குளியில் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் சிங்கள வரி எழுதுபவனும் பின் சீட்டில் நானுமாக இருந்து வரி எழுதினோம். அவன் நடத்துனரைப் பற்றி எழுதியிருந்தான், நான் மிச்சக் காசு கேட்கத் தயங்கிய ஒரு அம்மாவைப் பற்றி எழுதியிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது பாட்டு ஏறக்குறைய முடிந்திருந்தது. ஹூக்குக்கு இரண்டு மொழிக்கும் பொதுவான சொல்லைத் தேடுங்கள். 'மச்சான்' ஒன்று போதும், கொழும்பு முழுக்கத் தலையாட்டும்.

வரியை முடித்ததும் இரண்டு மொழியிலும் ஒவ்வொரு மூத்தவருக்குப் போட்டுக் காட்டுங்கள். மதம், இனம் பற்றிய ஒரு சொல் பகிடியாக எழுதியதாக இருக்கும், கேட்பவருக்கு வேறாகப் படும். 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சட்டம்) கீழ் எழுத்தாளர்களும் கைதாகியிருக்கிறார்கள். பயந்து எழுதச் சொல்லவில்லை, எழுதியதைத் தெரிந்து எழுதச் சொல்கிறேன்.

படி 4: ஓட்டோவில் கேட்டுப் பாருங்கள்

மிக்ஸிங் பற்றி நீளமாக எழுத எனக்கு விருப்பமில்லை, தெரிந்தவர்கள் செய்யட்டும். ஸ்பொட்டிஃபை போன்ற தளங்களுக்குப் பாட்டைக் கொண்டுபோகும் விநியோகஸ்தருக்குக் கொடுப்பது 44.1 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக இருக்கட்டும். எம்பி3 கொடுக்காதீர்கள். ஸ்பொட்டிஃபை பாட்டின் சத்தத்தை ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) இறக்கி ஒலிக்க விடும். அதனால் சத்தத்துக்காக மட்டும் நசுக்கிக் கொடுத்தால் மிஞ்சுவது நசுங்கல்தான்.

ஹெட்போனில் நன்றாகக் கேட்டது தெருவில் கேட்காது. எங்கள் வீதி முனையில் நிற்கும் ஓட்டோ அண்ணா பின் சீட்டுக்குக் கீழ் பேஸ் பெட்டி ஒன்று பூட்டியிருக்கிறார். எந்தப் பாட்டென்றாலும் முதலில் அவரிடம்தான் போவேன். ஐந்துலாம்புச் சந்தியைச் சுற்றி ஒரு ரவுண்ட். ஒருமுறை கேட்டுவிட்டு, "தம்பி, மற்றவன்ட குரல் கேக்குது, உங்கட குரல் டயருக்குள்ள கிடக்கு" என்றார். உண்மைதான். சிங்கள வேர்ஸ் இரண்டு டெசிபல் மேலே இருந்தது. அதைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் 'வேண்டுமென்றே செய்தான்' என்று இன்னொரு சண்டை.

படி 5: பெயர்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகஸ்தர்களிடம் பாட்டை ஏற்றும்போது ஒவ்வொருவரையும் முதன்மைக் கலைஞரா, சிறப்புக் கலைஞரா என்று கேட்பார்கள். இருவரும் முதன்மை என்றால் இரண்டு பெயரும் சமமாக, இருவர் பக்கத்திலும் சொந்தப் பாட்டாக நிற்கும். சிறப்பு என்றால் பெயர் தலைப்புக்குப் பின்னால் போகும், அவருடைய பக்கத்தில் பாட்டு கீழே, வேறொரு வரிசைக்குள் கிடக்கும். ஒரு பெட்டியைத் தட்டுவதுதான் வித்தியாசம். நான் அன்று அதைத் தனியாக, அதிகாலை மூன்று மணிக்குத் தட்டினேன். இருவரும் ஆளுக்கொரு வேர்ஸ் பாடியிருந்தோம், நான் மட்டும் முதன்மை. கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை, ஆனால் அதை யார் நம்புவார்கள்?

இப்போது எல்லோரையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கத்தை நிரப்புகிறேன்.

பெயரின் எழுத்துக்கூட்டலும் வம்புதான். நம் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். ஓர் எழுத்து மாறினால் பாட்டு வேறு யாரோ ஒருவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். நண்பன் ஒருவனின் பாட்டு பிரேசிலில் இருக்கும் ஒரு பாடகரின் பக்கத்தில் இரண்டு கிழமை கிடந்தது. முன்பே வெளியிட்டவர்களிடம் அவர்களுடைய ஸ்பொட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் பக்க இணைப்பை வாங்கி அதையே கொடுங்கள், பெயரைத் தட்டித் தேடாதீர்கள். பாடலாசிரியர், தயாரிப்பாளர் இடங்களில் மேடைப்பெயர் போடாமல் அடையாள அட்டையில் உள்ள பெயரைப் போடுங்கள்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்திலக்கம் கொண்ட ஓர் எண் கிடைக்கும். அதை அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள். பின்னால் உதவும், எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

அட்டைப்படம் சதுரம், 3000க்கு 3000 பிக்சல். அதில் இன்ஸ்டாகிராம் பெயரோ இணைய முகவரியோ இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

படி 6: திகதி

பாட்டை நாலு கிழமைக்கு முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில்தான் இலங்கைக்கு வந்தது. அதன் பாட்டுப் பட்டியல் தொகுப்பாளர்களுக்குப் பாட்டை முன்வைக்க வேண்டுமானால் வெளியீட்டுக்கு ஆகக் குறைந்தது 7 நாள் முன்னர் செய்ய வேண்டும். 500 எழுத்துகளுக்குள் சொல்ல வேண்டும், ஆகவே 'மாபெரும் படைப்பு' போன்றவற்றுக்கு இடமில்லை. எந்த மொழி, யார் யார், எந்த ஊர், பாட்டு எதைப் பற்றியது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வெளியிடுவது உலக வழக்கம். ஆனால் கொழும்புக் கலண்டரையும் பாருங்கள். உயர்தரப் பரீட்சைக் காலத்தில் உங்கள் ரசிகர்களில் பாதிப் பேரின் போன் அம்மாவிடம் இருக்கும். பௌத்தர்களின் வெசாக் கிழமையில் பார்ட்டிப் பாட்டுப் போடாதீர்கள். ஏப்ரல் புத்தாண்டுக்கு ஊர் வெறிச்சோடிவிடும். இலங்கை அணி விளையாடும் இரவென்றால் சொல்லவே வேண்டாம்.

யூடியூப் பிரீமியருக்கு, அதாவது எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கும் முதல் ஒளிபரப்புக்கு, நான் வைப்பது இரவு 8.30. குளிர்காலத்தில் லண்டனில் அப்போது பிற்பகல் 3 மணி, டொரொன்டோவில் காலை 10. சிட்னிக்காரர் தூங்கட்டும், காலையில் பார்ப்பார்கள்.

படி 7: வீடியோவும் வானொலியும்

வீடியோ பற்றி ஒரே ஒரு விஷயம். காலிமுகத்திடல், துறைமுக நகரம் போன்ற இடங்களில் கமெராவும் விளக்கும் கொண்டுபோக முன் அனுமதி கேளுங்கள். ட்ரோனை யாரிடமும் கேட்காமல் பறக்கவிடாதீர்கள், இது ஜனாதிபதி மாளிகை இருக்கும் கோட்டைப் பகுதிக்குப் பக்கத்து ஊர். உங்கள் சொந்த ஒழுங்கையில் எடுத்தால் பிரச்சினையும் இல்லை, அழகும் கூட.

வானொலி செத்துவிட்டது என்று எவராவது சொன்னால் காலை எட்டு மணிக்கு ஒரு ஓட்டோவில் ஏறச் சொல்லுங்கள். 1925இல் ஒலிபரப்புத் தொடங்கி, அறிவிப்பாளர்கள் கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் குரல்களைத் தமிழ்நாடு வரைக்கும் கொண்டுபோன ஊர் இது. சூரியன், சக்தி, அரச வானொலியின் தென்றல் என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் உள்ளூர்ப் பாட்டு ஒலிக்கும் நிகழ்ச்சி எது என்று ஒரு கிழமை கேளுங்கள். கேட்ட பிறகு அந்த அறிவிப்பாளருக்கே அனுப்புங்கள். கெட்ட வார்த்தை நீக்கிய, மூன்றரை நிமிடத்துக்குள் அடங்கும் பதிப்பு ஒன்று வேண்டும். கூடவே, அறிவிப்பாளர் அப்படியே வாசிக்கக்கூடிய இரண்டு வரி. அதில் இரண்டு பெயரும் தமிழில், உச்சரிக்க வேண்டிய விதத்தில் இருக்கட்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் அறிவிப்பாளர் தனக்குத் தெரிந்த பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவார்.

படி 8: ஊர் என்ன சொல்கிறது

முதல் இரண்டு நாள் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள், அதைத் தடுக்க முடியாது. ஆனால் எந்த எண்ணைப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். யூடியூபில் பார்வைகளைவிட, முதல் 30 வினாடிக்குப் பிறகு எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்ற கோடு உண்மை பேசும். நான் வெளியீட்டு வேலை பார்த்த ஒரு பாட்டில் அந்தக் கோடு சிங்கள வேர்ஸ் தொடங்கும் இடத்தில் ஒருமுறை இறங்கியது, தமிழ் வேர்ஸ் மீண்டும் வரும் இடத்தில் இன்னொருமுறை இறங்கியது. ஆக, இருவரின் ஆட்களும் மற்றவனைக் கேட்கவில்லை. அடுத்த பாட்டில் வேர்ஸ்களை எட்டு எட்டு வரியாக உடைத்துப் பின்னினோம். கோடு இறங்கவில்லை. ஸ்பொட்டிஃபையில் பார்க்க வேண்டியது எத்தனை பேர் பாட்டைச் சேமித்தார்கள் என்பதை.

கொமென்டுகளை இருவரும் சேர்ந்து வாசியுங்கள். 'இவன்ட பார்ட்தான் மாஸ், மற்றவன் வேஸ்ட்' என்று கட்டாயம் வரும். அதற்கு இதயக்குறி போடாதீர்கள். உங்களைப் புகழ்ந்தது என்று நினைத்துத் தட்டிய ஒரு சிவப்பு இதயம், பக்கத்தில் இருப்பவனுக்கு வேறு மாதிரித் தெரியும். இனத்தை இழுத்து எழுதுபவர்களோடு வாதாட வேண்டாம், மறைத்துவிடுங்கள். டொரொன்டோவின் ஸ்கார்பரோவிலும் பாரிஸின் லாசப்பலிலும் இருந்து எழுதும் நம்மவர்களுக்குப் பதில் போடுங்கள். பாட்டை அடுத்த ஆளுக்கு அனுப்புபவர்களில் அவர்கள்தான் முன்னணி. இன்ஸ்டாகிராமில் பதிவை 'கொலாப்' முறையில் போட்டால் இருவர் பக்கத்திலும் ஒரே பதிவு ஒரே எண்ணிக்கையோடு நிற்கும். தனித்தனியாகப் போட்டால் யாருக்கு லைக் கூட என்ற கணக்கு தொடங்கிவிடும்.

பாட்டு கொஞ்சம் ஓடினால்தான் உண்மையான சோதனை. அழைப்பு எப்போதும் ஒருவருக்குத்தான் வரும். 'மெனிகே மகே ஹித்தே' 2020இல் சதீஷனும் டுலானும் வெளியிட்ட பாட்டு. 2021 மே மாதம் பாடகி யொஹானி சதீஷனோடு சேர்ந்து மறுபடி பாடியதும் இந்தியா வரை போனது. உலகம் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு முகத்தை. அதே ஆண்டு மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயும் ராப்பர் அறிவும் பாடிய 'என்ஜாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எடுத்து எழுதிய வரிகள் அவை, நமக்கும் நெருக்கமானவை. சில மாதத்தில் ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டையில் அறிவு இல்லை என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. 2024இல் அந்தப் பாட்டிலிருந்து தனக்குக் காசே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரியவர்களுக்கே இப்படியென்றால் கொட்டாஞ்சேனை எம்மாத்திரம்.

அதனால் தாளில் இன்னொரு வரி சேருங்கள்: இந்தப் பாட்டைப் பற்றி யாரைப் பேட்டிக்குக் கூப்பிட்டாலும் மற்றவரையும் கேட்பது, அவர் வர முடியாவிட்டால் பெயரை முதல் நிமிடத்திலேயே சொல்வது. மேடைக்கும் அப்படித்தான். ஒருவர் இல்லாமல் பாடினால் அவருடைய வேர்ஸை டிராக்கில் விடுவதா, வெட்டுவதா என்பதையும் முன்பே கதைத்துவிடுங்கள்.

படி 9: காசு

அவசரப்படாதீர்கள். ஸ்பொட்டிஃபையில் 2024இலிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாவிட்டால் மாஸ்டருக்கு ஒன்றுமே வராது. யூடியூப் விளம்பரத்துக்கு 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் வேண்டும். அல்லது அந்த மணிநேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஷோர்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை. கூகுளின் வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் உங்கள் மொத்தப் பணத்தில் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருக்கிறது, நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வரும் பணத்தில் மட்டும், குறைந்த வீதத்தில் பிடிப்பார்கள். விளம்பரக் காசைத் தரும் கூகுளின் அட்சென்ஸ் கணக்குக்கான இரகசிய எண் தபாலில் வரும். வீட்டு இலக்கத்தைச் சரியாக எழுதுங்கள், தபால்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

விநியோகஸ்தர் பக்கத்துக் காசைத் தானாகப் பங்கிடும் வசதி சில இடங்களில் உண்டு. யூடியூப் விளம்பரக் காசு அப்படிப் பிரியாது, வீடியோ ஏறிய சேனல்காரரின் கணக்குக்கே போகும். அவர் மாதம் ஒருமுறை கணக்குப் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும், மூன்று டொலர் நாற்பது சதம் என்றாலும் போட வேண்டும். சின்னத் தொகையென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துக்கொள்ளலாம்.

ஐஎஸ்ஆர்சி கதை பாக்கி இருக்கிறது. தெமட்டகொடைப் பொடியன் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு மாலை அழைத்தான். நலம் விசாரிக்கவில்லை. "மச்சான், அந்தப் பாட்டுட நம்பர் இருக்கா?" என்று கேட்டான். இருந்தது. அன்றிரவே இருவரையும் முதன்மைக் கலைஞராகப் போட்டு, அதே எண்ணோடும் அதே கோப்போடும் பாட்டை மறுபடி ஏற்றினோம். எண் மாறாததால் பழைய எண்ணிக்கை அப்படியே வந்து சேர்ந்தது. பெயர் ஒழுங்கைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானாக அகரவரிசையில் போட்டேன். அவன் பெயர்தான் முன்னுக்கு வந்தது.